பச்சைத் தொப்பியா, மணல்நிறத் தொப்பியா

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். துணிகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு, பாசாருக்குப் போய்க் கீரையும் நெத்திலியும் அரைத் தேங்காயும் வாங்கி வந்தேன். ஞாயிறுகளில் அந்த வாரத்துக்கான அலுவலக உடைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இஸ்திரி போட்டுவிடுவேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டுப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கிள்ளானிலிருந்து கோமூட்டர் ரயிலில் போய் வருகிறவளுக்குக் காலையில் இஸ்திரிக்கு நேரம் இருப்பதில்லை. அன்று என் உடைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் தம்பியின் வெள்ளைச் சட்டையை எடுத்தேன். மாலை நான்கு மணிக்கு அவனுக்கு நேர்முகத் தேர்வு.

வேலை எங்கள் அடுக்குமாடியிலேயே. கார் நிறுத்துமிடத்தில் மோட்டார்சைக்கிள்கள் காணாமல் போயின. வாசலுக்கு அருகிலேயே ஓர் அக்காவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். அதனால் குடியிருப்பாளர் குழு 'பாதுகாப்புத் தலைமை அதிகாரி' என்று ஒரு பதவியை உண்டாக்கியது. சுருக்கமாகச் சொன்னால், இருக்கிற ஜாகாக்களுக்கு, அதாவது காவலாளிகளுக்கு, மேலே ஒரு ஜாகா. சம்பளத்தோடு, கீழ்த்தளத்தில் பொருள்களைப் போட்டுவைத்திருக்கும் சிறிய வீட்டையும் ஒழித்துக் கொடுப்பதாகப் பேச்சு. நான் அந்தக் குழுவின் செயலாளர்.

தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது. தரைப்படையின் கமாண்டோ பிரிவில், பச்சைத் தொப்பி அணிகிறவர்களில் ஒருவனாக இருந்தான். பென்ஷனுக்கு உரிய ஆண்டுகளை முடிக்கும் முன்பே விலகிவிட்டான். வெளிநாட்டில் பணக்காரர்களுக்கு மெய்க்காவலர் வேலை இருக்கிறது, பச்சைத் தொப்பி என்றாலே அள்ளிக் கொடுப்பார்கள் என்று உடன் இருந்தவன் ஒருவன் சொன்னதை நம்பினான். அங்கே போனால், ஆங்கிலேயப் படையில் இருந்தவர்களைத்தான் கேட்டார்களாம். நம் படையின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. திரும்பி வந்து ஒரு நகைக்கடை, ஒரு பேரங்காடி, போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு என்று மாறி மாறி வேலை பார்த்தான். எதிலும் நிலைக்கவில்லை. மேலாளர் என்று வருகிறவனை மேலும் கீழும் பார்ப்பான்; அந்தப் பார்வையிலேயே வேலை போய்விடும்.

அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு காஜாங்கில் உள்ள தாய்வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "மாசாமாசம் சம்பளம்னு ஒன்னு வரட்டும் அண்ணி, நான் அன்னைக்கே வந்துடுறேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். தம்பி என் வீட்டுப் பின்னறையில் இருந்தான். இந்த வேலை கிடைத்தால் சம்பளமும் வரும், வீடும் வரும், அவர்களும் வருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் அப்படித்தான் பார்த்தேன்.

முன்னாள் கமாண்டோ ஒருவரைத்தான் எடுக்கவேண்டும் என்று முதலில் சொன்னது எங்கள் பொருளாளர். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர். உலகத்தின் சிறப்புப் படைகளைப் பற்றிய காணொலி ஒன்றைக்கூட விடமாட்டார். இரண்டு வாரமாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குப்பைத் தொட்டி, தண்ணீர்க் குழாய் பேச்செல்லாம் நின்றுபோய் இதே பேச்சாக இருந்தது. அவர் ஓர் அட்டவணை போட்டு அனுப்பினார்: எந்தப் படையின் தேர்வில் அதிகம் பேர் கழித்துக்கட்டப்படுகிறார்கள், யார் தண்ணீருக்கடியில் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள், யார் உயரத்திலிருந்து குதிக்கிறார்கள் என்று. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஆங்கிலேயப் படைதான் எல்லாருக்கும் தாத்தா என்றார் ஒருவர். அமெரிக்கர்களுக்கு ஆயுதம்தான் பலம், ஆள் பலமில்லை என்றார் இன்னொருவர். ரஷ்யர்களுக்கு இரக்கமே கிடையாது என்று மூன்றாமவர் பெருமையோடு எழுதினார், ஏதோ அவருடைய மாமா பையனைப் பற்றிச் சொல்வதுபோல. பொருளாளரின் அட்டவணையில் நம் நாட்டுப் படைகள் நடுவில் எங்கோ இருந்தன. அதற்கு ஒரு சண்டை.

எல்லாவற்றையும் படித்தேன், எதையும் அரைகுறையாக விட்டுவிடும் பழக்கம் எனக்கில்லை. படித்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். இந்தப் பேரும் புகழும் செய்த வேலையிலிருந்து வருவதில்லை. வேலை ஒழுங்காக நடந்தால் அது வெளியே தெரிவதே இல்லை. கோணலாகப் போனதும், கேமரா முன்னால் நடந்ததும்தான் தெரியவருகிறது. எந்த நாட்டில் படம் நன்றாக எடுக்கிறார்களோ அந்த நாட்டுப் படை முதலிடத்தில் இருக்கிறது. தம்பி வாரக்கணக்கில் காட்டுக்குள் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்பது அவன் மனைவிக்கே தெரியாது. அதற்கு எந்த அட்டவணையில் மதிப்பெண் போடுவார்கள்?

ஆனால் தம்பியும் இந்தக் கூட்டத்துக்குச் சளைத்தவன் இல்லை. அவனுக்குத் தன் படை மட்டுமே படை. கடற்படைக் கமாண்டோக்களை 'மீன்கள்' என்பான்: தண்ணீரை விட்டு எடுத்தால் துடிப்பார்களாம். விமானப்படையில் இருக்கும் பிரிவை 'ஏர்போர்ட் ஜாகா' என்பான். பத்து இருபது வருடமாக அதைச் சொல்லிச் சிரித்தவனை ஒரு ஜாகா வேலைக்கு அனுப்பத்தான் நான் அன்று காலர் மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வேலைக்கு எனக்கு எதிரா வர்றவரு யாருன்னு தெரியுமா கா?" என்றான், தோசையைப் பிட்டபடி.

"போலீஸ் கமாண்டோவாம். ரிட்டையர் ஆனவரு."

"மணல் தொப்பியா?" போலீஸ் கமாண்டோக்களின் தொப்பி நிறத்தைச் சொல்லிச் சிரித்தான். "அப்ப வேலை நமக்குத்தான்லா."

"அவரைப் பத்தி ஒன்னும் பேசாத. ஷிப்ட் எப்படிப் போடுவ, ஜாகாக்கள எப்படி வேலை வாங்குவ, அதை மட்டும் சொல்லு."

"கேட்டா பதில் சொல்லாம இருக்க முடியுமா?"

"கேட்டாலும் சொல்லாத."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. காரணம், எங்கள் தலைவர்.

அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். கிள்ளான் வட்டாரத்தில் பொங்கல், தீபாவளி, கோயில் விழா எதுவானாலும் பட்டிமன்றம் என்றால் நடுவர் நாற்காலி அவருக்குத்தான். குழுவில் சண்டை முற்றியதைப் பார்த்து, சனிக்கிழமை ஓர் அறிவிப்பு போட்டார். இரண்டு விண்ணப்பதாரர்களையும் நேருக்கு நேர் உட்காரவைத்து, பட்டிமன்ற முறையில் நேர்முகத் தேர்வு. குடியிருப்பாளர் அனைவரும் வரலாம். தேநீர் உண்டு.

உடனே அவரை அழைத்தேன். "சார், ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டுக் கேள்வி கேக்குறதுதானே முறை?"

"தனியா விட்டா ஒவ்வொருத்தரும் தன் பெருமையை மட்டும்தான்மா பேசுவாங்க. எதிரெதிர்ல உக்கார வச்சாதான் குறையெல்லாம் வெளிய வரும். நான் பாக்காத மேடையா?"

"குறை வெளிய வந்தா அப்புறம் யாரை சார் எடுப்பீங்க?"

அவர் சிரித்தார். நல்ல கேள்வி, அதையே தொடக்கவுரையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். விண்ணப்பதாரர்களில் ஒருவன் என் உடன்பிறந்தவன், எனவே நான் வாக்களிக்க மாட்டேன் என்று ஏற்கெனவே எழுத்தில் கொடுத்திருந்தேன். அப்படி எழுதிக் கொடுத்தவள் முறையைப் பற்றிப் பேசினால், தம்பிக்காகப் பேசுவதாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்குப் பலநோக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மாதக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேரைச் சேர்க்க நான் வீடு வீடாகக் கதவைத் தட்டவேண்டும். அன்று உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். மேடையில் நடுவருக்கு ஒரு நாற்காலி. இடமும் வலமும் ஒவ்வொரு மேசை. எனக்கு மேடைக்குக் கீழே ஒரு மேசை போட்டு, நேரம் பார்க்கும் மணியைக் கொடுத்தார்கள்.

போலீஸ்காரர் நேரத்துக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை. போர்ட் கிள்ளானில் ஒரு லோரி நிறுவனத்தில் இரவு வேலை பார்க்கிறார். மனைவிக்கு டயாலிசிஸ் நடப்பதால் வீட்டுக்கு அருகில் வேலை தேடுவதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். அதை நான் மட்டும்தான் படித்திருக்கிறேன் என்பது அங்கே பேசியவர்களின் பேச்சில் தெரிந்தது.

"நம் இல்லங்களைக் காக்கச் சிறந்தவர் பச்சைத் தொப்பியா, மணல்நிறத் தொப்பியா?" என்று தலைவர் தொடங்கிவைத்தார். கைதட்டல்.

போலீஸ்காரர் முதலில் பேசினார். "நான் பேச்சாளன் இல்ல. எங்க வேலையில பேசக்கூடாது. காட்டுல பேசினா செத்தோம்." சபை சிரித்தது. அவர் மிதிபட்ட புல்லைப் பற்றிச் சொன்னார். எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆள் எப்போது போனான் என்று சொல்லிவிடலாமாம். உடன் இருந்த, காட்டின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி வீரர்களிடம் அதைக் கற்றுக்கொண்டாராம். தீ மூட்டாமல், சோறு பொங்காமல், ஒரே இடத்தில் அசையாமல் கிடப்பது எப்படி என்று சொன்னார்.

அடுத்து தம்பி. அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இருட்டில் விமானத்திலிருந்து குதிக்கும்போது காது எப்படி அடைக்கும் என்று சொன்னான். எட்டுப் பேர் ஓர் இருட்டறைக்குள் நுழைகிறோம், ஒருவன் காலை ஒருவன் மிதிக்கக்கூடாது, ஒருவன் பார்க்கும் மூலையை இன்னொருவன் பார்க்கக்கூடாது என்றான். கையாலேயே காற்றில் அறையை வரைந்து காட்டினான். மூன்று வருடமாகக் குனிந்தே நடந்தவனுடைய முதுகு நிமிர்ந்திருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் போதும். நானும் மணியடித்தேன், உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில், குழுவில் இருக்கும் சீன ஆன்டி கையைத் தூக்கி மலாயில் கேட்டார்: "ஷிப்ட் மாலாம் போலே கா?" இரவு ஷிப்ட் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. அன்று அந்த வேலையைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி.

"ஆன்டி, அது அப்புறம்லா," என்றார் பொருளாளர். "இப்ப எதிர்வாதம்."

எதிர்வாதத்தைப் போலீஸ்காரர்தான் தொடங்கினார். "தம்பி சொன்னதெல்லாம் நெசம். கதவை உடைச்சு உள்ள போறதுல இவங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஆனா நடுவர் அவர்களே, நமக்கு வேண்டியது கதவைக் காக்குற ஆளு. உடைக்கிற ஆளு இல்ல."

மண்டபம் அதிர்ந்தது. ஒருவர் விசில் அடித்தார். தம்பி சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் யாராவது அவனைச் சீண்டினால் வரும் சிரிப்பு.

"அண்ணே காட்டுல வழி கண்டுபிடிக்கிறதுல கெட்டிக்காரரு. நம்ம கார் பார்க்ல புல்லு இல்லண்ணே, தார்தான் போட்டிருக்கு. எதைப் பாத்துக் கண்டுபிடிப்பீங்க?"

சிரிப்பு. நான் மணியைக் கையில் எடுத்தேன். அவனுக்கு இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. என் வாழ்நாளில் நேரத்துக்கு முன்பு நான் எந்த மணியையும் அடித்ததில்லை. அன்று அடித்தேன்.

"ஏய், இன்னும் டைம் இருக்குல்ல," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அக்கா, பேச விடுங்கக்கா," என்றது இன்னொன்று. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "செயலாளருக்குத் தம்பி மேல அவ்வளவு பாசம், சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கிறாங்க," என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

தம்பி தொடர்ந்தான். "இவங்க படையில ராத்திரி பூரா அசையாம படுத்துக் கிடக்குறதுதான் வீரம்னு சொன்னாரு. நடுவர் அவர்களே, அந்த வீரத்தை நம்ம ஜாகா இப்பவே தினமும் காட்டிட்டுத்தான இருக்காரு?"

அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போலீஸ்காரரும் சிரித்தார், ஆனால் கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். பிறகு இருவரும் மாறி மாறிப் போட்டுத் தாக்கினார்கள். அவர் இவர்களை 'மரத்தில் தொங்கும் படை' என்றார், பாராசூட் கிளையில் மாட்டுவதை வைத்து. இவன் அவர்களை 'சுருட்டுக் குடிக்காத வேட்டைக்காரர்கள்' என்றான். அது எனக்குப் புரியவில்லை; அவர்கள் இருவருக்கும் புரிந்தது. ஒருவர் வேலையை ஒருவர் அவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் அந்த அறிவு முழுவதையும் மற்றவர் எதற்கும் உதவாதவர் என்று நிரூபிக்கச் செலவழித்தார்கள்.

தீர்ப்பு சொல்லத் தலைவர் எழுந்தார். இரு படைகளும் இரு மலைகள் என்றார். எது உயரம் என்று அளக்கத் தமக்குத் தகுதியில்லை என்றார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். பொருளாளர் அட்டையில் எழுதிவைத்திருந்த இரண்டு வரி வாழ்த்தைப் படித்தார். படம் எடுத்தார்கள். தேநீரும் கறிபாப்பும் வந்தன.

குழு பக்கத்து அறைக்குள் போனது. நான் குறிப்பெழுத உடன் போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் பொருளாளர். "அண்ணன் செம்மையா பேசினாரு. ஆனா யோசிச்சுப் பாருங்க. கதவு உடைக்கிறவருக்கு இது சரிப்பட்டு வராதுன்னு அவரு சொல்லிட்டாரு. காட்டுல இருந்தவருக்கு இது சரிப்பட்டு வராதுன்னு இவரு சொல்லிட்டாரு. ரெண்டு பேருமே விஷயம் தெரிஞ்சவங்க. நம்ம என்ன சொல்றது?"

"ரெண்டு பேரும் அந்த வேலைக்கு ரொம்பப் பெரியவங்கம்மா," என்றார் தலைவர். "சிங்கத்தைக் கொண்டுவந்து நாம எப்படிக் கட்டிப்போடுறது?"

பதவி வேண்டாம், அந்தப் பணத்தில் கேமராக்கள் வாங்கிப் போடலாம் என்று முடிவாயிற்று. கீழ்த்தள வீடு பொருள் அறையாகவே இருக்கும். சீன ஆன்டி மட்டும் எதற்கும் கைதூக்கவில்லை. "சாயாங்லா," என்றார், வீணாய்ப் போயிற்றே என்பதுபோல் கையை விரித்து. நான் எல்லாவற்றையும் சொன்னபடி எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது தம்பி பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் ஆட்கள். ஒருவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விலகி வந்தான்.

"எப்படி கா? நல்லா பேசினேன்ல?"

"நல்லா பேசின," என்றேன். "வேலை யாருக்கும் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"யாருக்கும் இல்லன்னா?"

"உனக்கும் இல்ல. அவருக்கும் இல்ல."

போலீஸ்காரர் பக்கத்தில்தான் இருந்தார், கையில் தேநீர்க் குவளையோடு. அவர் காதில் விழுந்தது. குவளையைச் சன்னல் கட்டையில் வைத்தார். பொன்னாடையை எடுத்து நான்காக மடித்தார்.

"அந்தப் படுத்துக் கிடக்குற பேச்சு வேணாம் தம்பி. அதைச் சொல்லாம விட்டிருக்கலாம்," என்றார்.

"நீங்க அந்தக் கதவுப் பேச்சைச் சொல்லாம விட்டிருக்கலாம்ணே."

"நான் முன்னாடி சொன்னேன். நீ பின்னாடி சொன்ன."

"அதான் சொல்றேன். ஆரம்பிச்சது நீங்கதான்."

அவர் மோட்டார்சைக்கிள் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார். தம்பி அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். "நடையப் பாருங்க கா," என்றான். "இன்னும் காட்டுல இருக்கிறதா நெனப்பு." அவன் குரலில் அப்போதும் வெற்றி இருந்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. தலைவர் மேலும் பொருளாளர் மேலும் வந்ததைவிட அதிகமாக.

வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் அவன் கைப்பேசி ஒலித்தது. காஜாங்கிலிருந்து அவன் மனைவி. பொருளாளர் போட்ட படம் எங்கெங்கோ சுற்றி அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒலிபெருக்கியில் போட்டான், வழக்கம்போல.

"என்னங்க, பொன்னாடையெல்லாம் போட்டு வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க போல," என்றாள். மூச்சு வாங்கியது, எங்கோ நடந்துகொண்டே பேசினாள். "அம்மா படத்தைப் பாத்துட்டு அழுறாங்க. எப்ப இருந்து வேலை?"

அவன் என்னைப் பார்த்தான். அவன்தான் சொல்லவேண்டும் என்று நின்றேன்.

"கூட்டமா இருந்துச்சு," என்றான். "எல்லாரும் கை தட்டினாங்க."

"அதான் தெரியுதே. கீழ் வீட்டைக் கொடுக்குறாங்கதானே? நான் நாளைக்குப் பாப்பாவுக்கு லீவு போட்டுட்டு வந்து சுத்தம் பண்ணவா?"

"ம்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் மகளைக் கூப்பிட்டாள். பிள்ளை ஏதோ கத்தியது; இவன் ஏதோ சொன்னான். பேசி முடித்ததும் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நான் சாப்பிட்டேன். மிச்சம் இருந்த இஸ்திரியைப் போட்டேன்.

ஜூன் 10, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்ததும், வேறு எதையும் தொடாமல், காஜாங்குக்கு அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணி, நாங்க ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிடுவோம்."

"கிளம்பாதம்மா," என்றேன். "வேலை கிடைக்கல. பொன்னாடை மட்டும்தான் போட்டாங்க."

அவள் கைப்பேசியை விலக்கி வைத்துக்கொண்டு, மகளிடம் பள்ளிச் சீருடையைப் போடச் சொல்வது கேட்டது.